நெறி கட்டிய பிறகு

பெரியப்பாவின் தொடையிடுக்கில் ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு. தொட்டால் வலிக்கவில்லை. "காலில் எங்கோ முள் ஏறியிருக்கும், அதுதான் நெறி கட்டியிருக்கிறது" என்றார் பெரியம்மா. எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கையில் வந்தால் அக்குளில் கட்டும். புண் ஆறினால் நெறியும் வாடிவிடும். எனக்கும் சிறு வயதில் எத்தனையோ முறை கட்டியிருக்கிறது. ஆனால் 2015 மாசியில், பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், பெரியப்பாவின் காலில் புண் எதுவும் இல்லை. வலது குதிகாலில் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தழும்பு மட்டும் இருந்தது.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பெரியப்பா வாழ்நாள் முழுக்கச் செருப்பில்லாமல்தான் வயலுக்குப் போனார். குதிகால் தோல் தடித்து, வெடித்து, கோடை காலத்துக் குளத்துத் தரை போல இருக்கும். 2012 வாக்கில் அதில் ஒரு கறுப்புத் திட்டு வந்தது. உளுந்து அளவில் இருந்தது ஓர் ஆண்டில் புளியங்கொட்டை அளவாயிற்று. கருவேல முள் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டது என்று ஊக்கால் கிளறிப் பார்த்தார்கள். எருக்கம்பால் வைத்தார்கள். செங்கல்லைச் சுட வைத்து அதன் மேல் எருக்கிலையைப் பரப்பிக் குதிகாலை வைத்து எடுத்தார்கள். கடைசியில் கால் ஆணி என்று முடிவாகி, ஒரு மருத்துவமனையில் அதை வெட்டி எடுத்தார்கள். எடுத்த சதை குப்பைக்குப் போயிற்று. பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் சில நாட்களில் தெரிந்திருக்கும். சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத அந்தச் சதைத் துண்டை நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள். அந்தத் திட்டை நானும் பார்த்தேன். எனக்கும் தோன்றவில்லை. தோல் புற்றுநோய் என்றால் வெளுத்த தோல்காரர்களுக்கு வெயிலால் வருவது, ஆஸ்திரேலியாவில் அதிகம் என்றுதான் படித்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. தோல் புற்றுநோய்களில் மிகவும் கொடியதான மெலனோமா, நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்கு மொத்தத்தில் அரிது. வந்தால், வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்துக்கு அடியிலும்தான் அதிகம் வருகிறது. பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் வந்தது இதுதான். முதலில் அதைக் கால்பந்து ஆடியபோது பட்ட அடி என்று எண்ணினார்கள். 1981-இல் இறந்தபோது அவருக்கு வயது 36. பாதத்தில் பாரம் அதிகம் இறங்கும் இடங்களில்தான் இது கூடுதலாக வருகிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் குதிகால் முதல் வரிசையில் நிற்கும் இடம்.

பாளையங்கோட்டையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர் நேராகக் காலுக்குத்தான் வந்தார். "இந்தத் தழும்பு எப்படி வந்தது, ஐயா?" என்று கேட்டார். பெரியப்பா ஆணிக் கதையைச் சொன்னார். மருத்துவர் விளக்கு பொருத்திய ஒரு கைக்கண்ணாடியைத் தழும்பின் ஓரத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் என்னையும் பார்க்கச் சொன்னார்.

உள்ளங்கால் தோலை அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அது வயற்காடுதான். வரப்பு, பக்கத்தில் வாய்க்கால், மறுபடி வரப்பு, மறுபடி வாய்க்கால் என்று இணைகோடுகளாக ஓடுகிறது. வரப்பின் முதுகில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். அவை வியர்வைத் துளைகள். சாதாரண மச்சமாக இருந்தால் கறுப்பு வாய்க்காலில் ஓடும் என்றார் மருத்துவர். மெலனோமாவாக இருந்தால் வரப்பின் மேல் ஏறும். தழும்பின் ஓரத்தில் மிச்சமிருந்த கறுப்பு, வரப்புகளின் மேல் பட்டை பட்டையாக ஏறியிருந்தது. நான் கண்ணாடியிலிருந்து தலையை எடுத்தபோது பெரியப்பா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சதைப் பரிசோதனை முடிவு வந்தது. மெலனோமா. தொடையிடுக்கில் கட்டியிருந்த நெறியிலும் அதே செல்கள். நெறி என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள் உண்டு. குதிகாலிலிருந்து தொடையிடுக்கு வரை அது எந்த வழியாக வந்தது, யார் அதற்கு வழிகாட்டினார்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதன்பின் நான் படித்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

தோலின் மேலடுக்கில், அதன் அடித்தட்டில், நிறமிச் செல்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரருக்கும் நமக்கும் அவற்றின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு கிடையாது. அவை செய்யும் மெலனின் என்ற நிறமிதான் வேறு. ஒவ்வொரு நிறமிச் செல்லும் கிளைகளை நீட்டிச் சுற்றியுள்ள முப்பது நாற்பது தோல் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கிளைகள் வழியாக நிறத்தை அனுப்புகிறது. வாங்கிக்கொண்ட தோல் செல், அதைத் தன் உட்கருவின் மேல் குடை போலப் பிடித்துக்கொள்கிறது. இந்த வேலை பேச்சு வார்த்தையில்லாமல் நடப்பதில்லை. வெயில் பட்டதும் முதலில் பாதிப்பை உணர்வது பக்கத்துத் தோல் செல். அது ஒரு சிறு புரதத்தைச் சுரக்கிறது. நிறமிச் செல்லின் மேற்பரப்பில் அதற்கென்றே இருக்கும் ஏற்பியில் போய் அது ஒட்டுகிறது. உள்ளே ஒன்றை ஒன்று தட்டி எழுப்பி, செய்தி மரபணுவரை போய், மெலனின் கூடுகிறது. நடவு முடிந்து வீட்டுக்கு வருகிற பெண்களின் முன்கை கறுத்திருப்பது இந்த உரையாடலால்தான். வளர்வதும் இப்படித்தான். பக்கத்துச் செல்களைக் கேட்டுத்தான் ஒரு செல் வளரும், கேட்டுத்தான் நிற்கும், போ என்றால் செத்தும் போகும்.

வளரச் சொல்லும் செய்தி உள்ளே இறங்கும் பாதையை என் மாணவிகளுக்கு நான் கால்வாயை வைத்துத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் அது நேராக எங்கள் வயலுக்கு வந்துவிடாது. ஆற்றில் இறங்கி, கன்னடியன் அணைக்கட்டில் தேங்கி, கால்வாய்த் தலைமடை ஷட்டரைக் கால்வாய்ப் பணியாளரான லஸ்கர் ஏற்றினால் கால்வாயில் ஓடி, கிளை மடை திறந்தால் வாய்க்காலுக்கு வந்து, கடைசியில் பெரியப்பா மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினால்தான் பயிரின் காலில் ஏறும். ஒவ்வொரு மடையும் மேலிருந்து சொன்னால் திறக்கும், போதுமென்றால் அடைபடும். செல்லின் மேற்பரப்பில் ஏற்பி, அதற்கு அடுத்து ராஸ் என்ற புரதம், அதற்குக் கீழே ராஃப், பிறகு மெக், பிறகு எர்க். எர்க் உட்கருவுக்குள் நுழைந்து பெருகு என்கிறது. நல்ல செல்லில் இந்த மடைகள் தேவைக்குச் சிறிது நேரம் திறந்து மூடுகின்றன.

2002-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் புற்றுநோய்களின் மரபணுக்களை வரிசையாகப் படித்துப் பார்த்தபோது, மெலனோமாக்களில் பெரும்பகுதியில் ஒரே மடை உடைந்திருப்பதைக் கண்டார்கள். பி-ராஃப் என்ற புரதத்தின் 600-ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். அங்கே குளுட்டாமிக் அமிலம் வந்து உட்கார்ந்திருந்தது. ஒரே ஓர் எழுத்துப் பிழை. திருகு முறிந்து, ஏற்றியபடியே நின்றுவிட்ட ஷட்டர் அது. மேலே அணையில் மூடினாலும், லஸ்கர் வந்து நின்றாலும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். தோல் மெலனோமாக்களில் சுமார் பாதியில் இந்தக் கோளாறு உண்டு. உள்ளங்கால் வகையில் குறைவு. அங்கே சிலவற்றில் கிட் என்ற ஏற்பியிலேயே பழுது இருக்கும்.

இதில் என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது வேறு ஒன்று. நம் உடம்பில் இருக்கும் சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் இதே எழுத்துப் பிழை இருக்கிறது. அங்கேயும் ஷட்டர் உடைந்ததுதான். ஆனாலும் மச்சம் கொஞ்சம் வளர்ந்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது, ஐம்பது அறுபது ஆண்டுகள் பேசாமல் கிடக்கிறது. ஏனென்றால் செல்லுக்குள் வேறு காவல்கள் இருக்கின்றன. பெருக்கம் அளவு மீறினால் அவை செல்லை நிறுத்திவிடுகின்றன. ஆக, பெருகுவது ஒரு நோய், பரவுவது வேறொரு நோய். பெரியப்பாவைக் கொன்றது இரண்டாவது.

நிறமிச் செல் தோல் செல்களைச் சும்மா தொட்டுக்கொண்டிருப்பதில்லை, கைபிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கை ஈ-கேட்ஹெரின் என்ற புரதம். அந்தப் பிடி இருக்கும்வரை தோல் செல்கள் நிறமிச் செல்லைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. மெலனோமா செல் அந்தக் கையை விட்டுவிட்டு என்-கேட்ஹெரின் என்ற வேறு கையை நீட்டுகிறது. அது தோல் செல்லைப் பிடிக்காது. கீழே இருக்கும் நார்த்திசுச் செல்களையும் இரத்தக் குழாய்ச் சுவர்ச் செல்களையும் பிடிக்கும். கைகோத்தவர்கள் மாறினால் காதில் விழும் பேச்சும் மாறிவிடுகிறது. பி-ராஃப் கண்டுபிடித்த அதே 2002-இல், இலங்கையில் பிறந்த அஷானி வீரரத்ன என்ற விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். வின்ட்-5ஏ என்ற சமிக்ஞைப் புரதம் கூடினால் மெலனோமா செல்களின் நடமாட்டம் கூடுகிறது, எதிரில் உள்ள திசுவைத் துளைத்துப் போகும் திறன் கூடுகிறது. அப்படி நடக்கத் தொடங்கிய செல் அவ்வளவாகப் பெருகுவதில்லை. பெருகுகிற செல் அவ்வளவாக நடப்பதில்லை. ஒரே செல் சூழலைக் கேட்டு இந்த இரண்டு நிலைகளுக்கும் மாறி மாறிப் போய் வருகிறது. பயணத்தில் ஒரு குணம், ஊர் சேர்ந்தபின் ஒரு குணம்.

இந்த நடை அதற்கு எங்கிருந்து வந்தது? கருவியல் பாடத்தில் நான் ஆண்டுதோறும் நடத்துகிற பக்கத்திலேயே விடை இருந்தது. நிறமிச் செல் தோலில் பிறந்ததல்ல. கருவில், முதுகுத் தண்டுவடம் உருவாகும் இடத்தின் மேல் விளிம்பில், நரம்பு முகட்டில் பிறக்கிறது. அங்கிருந்து கிளம்பி, வழிநெடுகச் சமிக்ஞைகளைக் கேட்டுக்கேட்டு உடல் முழுக்க நடந்து போய்த் தோலில் குடியேறுகிறது. குதிகாலில் இருக்கும் நிறமிச் செல்லின் முன்னோர் முதுகிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள். 2006-இல் அமெரிக்காவில் ஒரு குழு, பரவும் தன்மையுள்ள மனித மெலனோமா செல்களைக் கோழிக் கருவின் முதுகில் வைத்துப் பார்த்தது. அவை நரம்பு முகட்டுச் செல்கள் போகும் அதே பாதைகளில் நடந்து போயின. அங்கே கட்டியாக வளரவும் இல்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பரவுவதற்கு அந்தச் செல் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. குழந்தைப் பருவத்து வழிகளை மறுபடி நடக்கிறது. கருவின் அக்கம்பக்கம் அதை அடக்கி வைக்கிறது. அறுபது வயதுக்காரரின் அக்கம்பக்கம் அடக்குவதில்லை.

வயதைப் பற்றி இன்னும் ஒன்று. வீரரத்னவின் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், முதிய தோலின் நார்த்திசுச் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் மெலனோமாவைப் பரவவும் மருந்தைத் தாக்குப்பிடிக்கவும் செய்கிறது என்று காட்டினார்கள். பெரியப்பா இறந்த ஆண்டும் அதுதான்.

நெறிக்கு வருகிறேன். நிணநீர் முடிச்சு என்று பாடப்புத்தகம் சொல்வதும் பெரியம்மா நெறி என்று சொன்னதும் ஒன்றே. நோய் எதிர்ப்புச் செல்கள் கூடிப் பேசும் சாவடி அது. அந்தச் செல்களை அழைப்பதற்காக நிணநீர்க் குழாய்களும் முடிச்சும் ஒரு வேதிப் பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அந்த அழைப்பைக் கேட்கும் காது சிசிஆர்7 என்ற ஏற்பி. மெலனோமா செல்களில் சில அந்தக் காதை முளைக்க வைத்துக்கொள்கின்றன. காவலர்களுக்காகக் கொடுத்த குரலைக் கேட்டு அவை சாவடிக்குள் நுழைகின்றன.

அங்கிருந்து நுரையீரல். இரத்தம் எல்லா உறுப்புக்கும்தான் போகிறது, ஆனால் புற்று எல்லா உறுப்பிலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், மார்பகப் புற்றில் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் பார்த்துவிட்டு இதை விதையும் நிலமும் என்று விளக்கினார். விதை எல்லாத் திசைக்கும் போகும், ஒத்துக்கொள்ளும் நிலத்தில்தான் முளைக்கும். 1980-இல் ஹார்ட், ஃபிட்லர் என்ற இருவர் எலிகளின் தசைக்குள் நுரையீரல், சினைப்பை, சிறுநீரகம் ஆகியவற்றின் துண்டுகளைப் பதித்துவிட்டு, இரத்தத்தில் மெலனோமா செல்களை விட்டார்கள். நுரையீரல் துண்டிலும் சினைப்பைத் துண்டிலும் கட்டி வளர்ந்தது. சிறுநீரகத் துண்டில் வளரவில்லை. இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் திண்ணையில் பத்தமடைப் பாயில் சாய்ந்திருந்தார். "வெள்ளத்தில் கோரை விதை எல்லார் வயலுக்கும்தான் வருகிறது. கோரை கிடக்கிற வயல் எது என்று எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "என் நெஞ்சு அந்த மாதிரி வயலாகப் போயிற்று" என்றார். நான் பதில் சொல்லவில்லை. நிலம் அப்படித் தானாக அமைவது மட்டுமில்லை, விதை வருவதற்கு முன்பே அதை உழுது வைக்கும் வேலையும் நடக்கிறது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெலனோமா செல்கள் நுண்ணிய பைகளை இரத்தத்தில் விடுகின்றன. எலிகளில் அந்தப் பைகள் எலும்பு மஜ்ஜைச் செல்களைத் தம் பக்கம் இழுத்து, போகும் இடத்தில் பண்படுத்தி வைப்பதை 2012-இல் காட்டியிருந்தார்கள்.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். உடைந்த பி-ராஃப் மடையை மட்டும் அடைக்கும் வெமுராஃபெனிப் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடலெங்கும் பரவிய கட்டிகள் சில வாரங்களில் சுருங்கிய படங்களைப் பார்த்திருந்தேன். பலருக்குச் சில மாதங்களில் திரும்பி வந்தது. கால்வாயை அடைத்தால் தண்ணீர் நண்டு வளையில் புகுந்து கரையைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குவது போலத்தான்: மேலே ராஸ் பழுதாகும், வேறு ஏற்பிகள் கூடும், செய்தி சுற்றுவழியில் மெக்கைத் தொட்டுவிடும். அதனால்தான் 2014 முதல் ராஃபையும் மெக்கையும் சேர்த்தே அடைக்கிறார்கள். அதில் கூடுதல் காலம் கிடைக்கிறது.

பெரியப்பாவின் சதையை அந்த மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை பதினேழு நாட்கள். எழுத்துப் பிழை இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். புற்றுநோயில் ஒரு குறிப்பிட்ட கோளாறு இருக்க வேண்டும் என்று நெல்லையப்பரிடம் நேர்ந்துகொண்டவள் நானாகத்தான் இருப்பேன். இல்லை என்று வந்தது. "இல்லாவிட்டாலும் கொடுத்துப் பார்க்கலாமே, டாக்டர்?" என்று மதுரையில் புற்றுநோய் மருத்துவரிடம் கெஞ்சினேன். அவர் ஒரு காகிதத்தில் இரண்டு வட்டங்களைச் சேர்த்துப் போட்டார். ராஃப் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வேலை செய்பவை. பழுதில்லாத ராஃபில் ஒன்றை மருந்து பிடித்தால், ஜோடியில் இன்னொன்று விழித்துக்கொண்டு கூடுதலாக வேலை செய்யும். மடையை அடைக்கப் போய் இன்னொரு மடையைத் திறந்துவிடுவோம் என்றார். அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது.

நெறியை அறுவை செய்து எடுத்தார்கள். நுரையீரலில் இருந்ததை எடுக்க முடியவில்லை. புற்றுச் செல், நோய் எதிர்ப்புச் செல்லின் பி.டி.-1 என்ற ஏற்பியைத் தொட்டு "நில்" என்று சொல்லிவிடுகிறது. அந்தப் பேச்சை மறிக்கும் மருந்துகள் அப்போதே உலகில் இருந்தன. எங்கள் கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும், வெயிலால் வரும் மெலனோமாவுக்குக் கேட்கும் அளவுக்கு உள்ளங்கால் வகைக்கு அவை கேட்பதில்லை. 2018-இல் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுகு ஹோஞ்ஜோவுக்கும் அந்தத் துறைக்காக நோபல் பரிசு கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் படித்துவிட்டு, பெரியம்மாவிடம் காட்டாமல் மடித்து வைத்தேன். பெரியப்பா போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

தோலின் மேற்பரப்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் மெலனோமாவின் போக்கைக் கணிக்கிறார்கள். 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியல் மருத்துவர் அளந்து காட்டியது. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும்போதே வெட்டி எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். மடை, கை, காது, அழைப்பு என்று நான் இவ்வளவு நேரம் எழுதியது அத்தனையும் அந்த ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைத் தாண்டி இறங்கியபின்தான் வேகம் பிடிக்கிறது. ஊக்கும் எருக்கம்பாலுமாக நாங்கள் இழந்த அந்த ஓர் ஆண்டில் பெரியப்பாவின் குதிகாலில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று அளக்க அந்தச் சதைத் துண்டு இல்லை.

போன பிசானத்தில் நடவுக்கு வந்தவர்கள் மதியம் கரையேறி வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அத்தை என்று நான் கூப்பிடும் ஒருவரின் பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், ஒரு கறுப்பு. சேறு என்று நினைத்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. "அது ரொம்ப நாளாக இருக்கிறதம்மா" என்றார் அத்தை. எவ்வளவு நாள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் வேலையை விட்டுவிட்டு வரச்சொல்லி, பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். அதே மருத்துவர், அதே கண்ணாடி. வெகுநேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தேன். வரப்புகள் வெளுப்பாக இருந்தன. கறுப்பு, கோடு கோடாக, வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவர் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ஒருமுறை காட்டச் சொன்னார். திரும்பும்போது சேரன்மகாதேவியில் இறங்கும்வரை அத்தை எதுவும் பேசவில்லை. ஊர்ப் பாதைக்குத் திரும்பியதும், "அப்படியானால் நாளைக்கு நடவுக்குப் போகலாமா?" என்று கேட்டார்.

"போகலாம், அத்தை."

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார்.